வெள்ளி ஊசியும் காட்மியம் ஆர்சனைடும்: புள்ளித் தொடுகை மீக்கடத்தலில் பிழை நீக்கும் வழிமுறை

காட்மியம் ஆர்சனைடு எளிதில் மீக்கடத்தி (மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும் பொருள்) ஆவதில்லை. வெள்ளி ஆவதே இல்லை. ஆயினும் கூரிய வெள்ளி ஊசி ஒன்றைக் காட்மியம் ஆர்சனைடுப் படிகத்தின் மீது மெல்ல அழுத்தினால், தொடும் இடத்தில் மட்டும் 6 கெல்வினுக்கு மேலிருந்தே மீக்கடத்தலின் அடையாளங்கள் தென்படுகின்றன என்று மொஹாலியில் உள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனக் குழுவினர் 2016-ஆம் ஆண்டு நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் வெளியிட்டனர். அதே ஆண்டில், அதே இதழில், பெய்ஜிங் பல்கலைக்கழகக் குழுவினரும் இதே படிகத்தில் ஊசிமுனைத் தொடுகையால் மீக்கடத்தல் தோன்றுவதைத் தெரிவித்தனர். இடத்தியல் அரையுலோகம் என்றும், ஆய்வகப் பேச்சில் டோபாலஜிகல் செமிமெட்டல் என்றும் வழங்கும் இவ்வகைப் பொருள்களில் மீக்கடத்தலைத் தூண்ட, உயர் அழுத்தம், மீக்கடத்திப் படலத்தின் அண்மை, அயனிக் கற்றை எனப் பிற வழிகளும் உண்டு. ஊசிமுனை வழி அவற்றுள் செலவு குறைந்தது. ஏமாற்றுவதிலும் அதற்கே முதலிடம்.

மதுரையில் திருமங்கலம் சாலையை ஒட்டிய ஒரு சிறிய ஆய்வகத்தில், திரவ ஹீலியத்துக்கு வழியில்லாமல், 1.5 கெல்வின் வரை குளிரும் மூடிய சுற்றுக் குளிர்விப்பானை வைத்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்து பார்த்தபோது எதிர்ப்பட்ட கோளாறுகளே கீழே உள்ளவை. அறிகுறியைத் தேடிப் படியுங்கள். ஆனால் எந்த அறிகுறியாயினும், மலிவான காரணத்தை விலக்கிய பிறகே விலையுயர்ந்த காரணத்துக்குச் செல்லுங்கள். "மரபுசாரா மீக்கடத்தல்", அதாவது வழக்கமான கோட்பாட்டுக்குள் அடங்காத மீக்கடத்தல், என்பது இருப்பதிலேயே விலையுயர்ந்த காரணம்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. கே.டி.எம். நகை என்று நம் வீடுகளில் சொல்வோமே, அந்தப் பெயருக்குக் காரணமான பற்றாசில் இருந்தது காட்மியம்தான்; அதன் புகை பொற்கொல்லர்களின் நுரையீரலைக் கெடுத்ததால்தான் அது ஒதுக்கப்பட்டது. இங்கே அதே காட்மியம் ஆர்சனிக்கோடு சேர்ந்திருக்கிறது. படிகத்தை உலர்நிலையில் தேய்க்காதீர்கள், கையுறையின்றித் தொடாதீர்கள், துகள்களைத் தொட்டியில் கழுவி விடாதீர்கள்.

அறிகுறி: 7 கெல்வின் அருகே மின்தடை விழுகிறது, எந்தப் படிகத்திலும் விழுகிறது

முதலில் இனிப்பு வாங்குவதை நிறுத்துங்கள். நாங்கள் வாங்கிவிட்டோம். அன்று தொடுகையின் மின்தடை 7 கெல்வினுக்குச் சற்றுக் கீழே தெளிவாக இறங்கியது. வகைக்கெழுக் கடத்தளவில் (மின்னழுத்தம் சற்றே கூடும்போது மின்னோட்டம் எவ்வளவு கூடுகிறது என்ற அளவில்) சுழிய மின்னழுத்தத்தைச் சுற்றி இரு மேடுகளும் இருந்தன. பார்த்தவர் எல்லோரும் தலையசைத்தார்கள். மறுநாள் படிகத்தை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் ஒரு செப்புத் தகட்டை வைத்து அதே ஊசியால் தொட்டோம். செம்பும் 7 கெல்வினில் மீக்கடத்தியாகிவிட்டது.

காரணம் ஊசியைப் பிடித்திருந்த பிடிப்பின் அடியில் இருந்தது. வெள்ளிக் கம்பியை ஈயம்-வெள்ளீயப் பற்றால் ஒட்டியிருந்தோம். அந்தப் பற்று சரியாக உருகி நனைக்காமல், பசைக்கசடு நடுவில் மாட்டிக்கொண்டு, ரேடியோ பழுதுபார்ப்பவர்கள் "ட்ரை சோல்டர்" என்பார்களே, அப்படி நின்றிருந்தது. உருப்பெருக்கியில் பார்த்தபோது கம்பியைச் சுற்றி மயிரிழை போன்ற ஒரு கறுத்த வளையம் தெரிந்தது. கம்பி உண்மையில் ஈயத்தைத் தொட்டது ஓரிரு நுண்புள்ளிகளில் மட்டுமே. அதாவது, படிகத்தின் மீது ஒரு புள்ளித் தொடுகை செய்வதாக எண்ணிக்கொண்டு, வெள்ளிக்கும் மீக்கடத்திக்கும் இடையே இன்னொரு புள்ளித் தொடுகையைத் தொடரிணைப்பில் செய்திருந்தோம். ஈயம்-வெள்ளீயப் பற்று ஏறத்தாழ 7 கெல்வினில் மீக்கடத்தியாகிறது. தூய ஈயம் 7.2 கெல்வினில், வெள்ளீயம் 3.7 கெல்வினில், தொடுமுனை ஒட்டப் பலரும் விரும்பும் இண்டியம் 3.4 கெல்வினில். இந்த எண்களைக் கருவியின் மூடியிலேயே எழுதி ஒட்டி வையுங்கள்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. ஊசியைத் தூக்கி வேறிடத்தில் தொடுங்கள். தொடுகையின் மின்தடை 5 ஓமிலிருந்து 40 ஓமுக்கு மாறியும், விழும் அளவு அப்படியே ஓம் கணக்கில் மாறாமல் இருந்தால், அது ஊசிமுனையில் நிகழ்வதன்று. சுற்றில் வேறெங்கோ நிலையாக உட்கார்ந்திருப்பது. அடுத்து, அரை டெஸ்லா காந்தப்புலம் கொடுங்கள். ஈயப் பற்றின் மீக்கடத்தல் அதற்குள் மறைந்துவிடும். தீர்வு, ஊசியைப் பற்ற வைக்காமல் திருகாணியால் இறுக்குவதும், படிகத்தின் மறுமுனைகளை வெள்ளிப் பசையால் ஒட்டுவதும்தான். ஈயம் கலக்காத பற்று என்று கடையில் தருவது வெள்ளீயத்தை அடிப்படையாகக் கொண்டது என்பதால் அதுவும் உதவாது. பொறி 7-இலிருந்து 3.7-க்கு இறங்கும், அவ்வளவே.

அறிகுறி: மின்தடை கிலோ ஓமில் நிற்கிறது, அல்லது ஒரு தாளத்தோடு ஆடுகிறது

ஐப்பசி, கார்த்திகையில் கிலோ ஓம் என்றால் முதலில் பனியைச் சந்தேகியுங்கள். அறை வெப்பநிலைக்கு முழுவதும் வருவதற்கு முன் குளிர்கலனைத் திறந்திருந்தால், ஈரக் காற்று படிகத்தின் மீது படிந்து அடுத்த குளிர்வில் உறைந்திருக்கும். படிகத்தின் மேல்பரப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்திருந்தாலும் இதே அறிகுறிதான். புதிதாகப் பிளந்த முகத்தை எடுத்துக்கொண்டு, உலர் நைட்ரஜன் செலுத்தியபடி ஏற்றுங்கள்.

ஆட்டம் நொடிக்கு ஒன்றிரண்டு முறை என்ற கணக்கில் இருந்தால் அது குளிர்விப்பானின் மூச்சு. நெகிழ்வான செப்புப் பின்னல் வழியே குளிரைக் கடத்தி, ஊசியும் படிகமும் ஒரே சட்டத்தில் சேர்ந்து ஆடும்படி அமைப்பதைத் தவிர வேறு மருந்து நான் கண்டதில்லை. ஆட்டம் ஒழுங்கற்று, இரவு இரண்டு மணிக்குப் பிறகு குறைந்தால், அது நான்குவழிச் சாலையில் போகும் லாரி.

50 ஹெர்ட்சில் இரைச்சல் என்றால் எர்த் குழிக்குச் செல்லுங்கள். சித்திரை வெயிலில் நம் பக்கத்து மண் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும்போது எர்த்தின் தடை ஏறிவிடுகிறது. மல்டிமீட்டரை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வையுங்கள். எங்களுக்கு ஒரு மே மாதத்தில் 9 வோல்ட் காட்டியது. கரியும் உப்பும் புதிதாக இட்டு, நாள்தோறும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதில் அது 1 வோல்ட்டுக்குக் கீழ் வந்தது. பல இலட்சம் மதிப்புள்ள லாக்-இன் பெருக்கி (இரைச்சலில் புதைந்த சிறு குறிப்பலையைப் பிரித்தெடுக்கும் கருவி) இரண்டு குடம் தண்ணீரை நம்பி நின்ற காலம் அது.

அறிகுறி: தொடுகை அமைதியாக இருக்கிறது, ஆனால் 1.5 கெல்வின் வரை எதுவுமே நிகழவில்லை

இங்கே இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். படிகம் உண்மையில் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது? தொடுகை எவ்வளவு பெரியது?

முதல் கேள்விக்கு, வெப்பமானி சொல்வதை நம்பாதீர்கள். ஊசியைத் தாங்கும் தண்டு மேலிருந்து வெப்பத்தைக் கொண்டுவந்து ஊசிமுனையில் கொட்டும். வெப்பமானியோ படிகத்துக்குக் கீழே சுகமாக இருக்கும். படிகத்தின் அருகில் ஒரு சிறு ஈயத் தகட்டையும் ஒட்டி, அதே ஊசியால் அதைத் தொட்டுப் பாருங்கள். ஈயத்தின் ஆற்றல் இடைவெளி (மீக்கடத்தியில் எலக்ட்ரான் இணையை உடைக்க ஓர் எலக்ட்ரானுக்கு வேண்டிய ஆற்றல்) சுமார் 1.4 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அதற்குரிய மேடுகள் சுழியத்தின் இருபுறமும் தோன்றி, 7.2 கெல்வினில் மறைய வேண்டும். வெப்பமானி 6 என்று காட்டும்போதே அவை மறைந்தால், உங்கள் தொடுகை சொல்லப்படுவதைவிட ஒரு கெல்வினுக்கு மேல் சூடாக இருக்கிறது. ஈயத்தில் மேடே வராவிட்டால் படிகத்தைக் குறை சொல்ல வேண்டாம்; தண்டைச் செப்புக் கம்பியால் குளிர்முனையோடு கட்டுங்கள்.

இரண்டாவது கேள்வியில்தான் புத்தகக் கணக்கு நம்மை வழுக்கி விடுகிறது. எலக்ட்ரானின் சராசரி மோதலிடைத் தூரத்தைவிடத் தொடுகை சிறியதாக இருந்தால், அதன் மின்தடையை ஷார்வின் கோவை தருகிறது. அதில் ஆரத்தோடு ஃபெர்மி அலை எண்ணும் பெருக்கலாக வருகிறது. வெள்ளிக்கு அந்த எண் நானோமீட்டருக்கு 12. ஆகவே வெள்ளிக்கும் வெள்ளிக்கும் இடையே 10 ஓம் என்றால் ஆரம் ஏறத்தாழ 6 நானோமீட்டர். காட்மியம் ஆர்சனைடிலோ மின்னூட்ட ஊர்திகள் குறைவு. ஃபெர்மி அலை எண் நானோமீட்டருக்கு 0.4 என்ற அளவிலேயே இருக்கிறது. எனவே அதே 10 ஓம், 100 நானோமீட்டருக்கும் மேற்பட்ட ஆரத்தைக் குறிக்கிறது. "10 ஓம் கிடைத்துவிட்டது, ஆகவே நானோ அளவுத் தொடுகைதான்" என்று உலோகப் பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம்; உண்மையில் ஊசி பெரிய திட்டாக நசுங்கி உட்கார்ந்திருக்கும். பெரிய திட்டில் அழுத்தம் பரவிப்போகும், மீக்கடத்தும் பகுதியும் முழுமையடையாது. ஊசியைப் புதிதாகச் சாய்வாக வெட்டி, மெல்லத் தொட்டு, 10 முதல் 100 ஓம் வரை பல தொடுகைகளை எடுங்கள். ஒன்றிரண்டு தொடுகையோடு "இல்லை" என்ற முடிவுக்கு வரவேண்டாம்.

அறிகுறி: சுழிய மின்னழுத்தத்தில் கடத்தளவின் உச்சம், அதன் இருபுறமும் கூர்மையான ஆழ்பள்ளங்கள்

தொடுகை "வெப்ப நிலையில்" (டெம்பரேச்சர் அல்ல, தெர்மல் ரெஜிம்) இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கையெழுத்து இல்லை. தொடுகை மோதலிடைத் தூரத்தைவிடப் பெரியதாகும்போது, செலுத்தும் மின்னழுத்தம் அங்கேயே வெப்பமாக மாறுகிறது. வீதமான் - பிரான்ஸ் விதிப்படி ஒரு மில்லிவோல்ட்டுக்கு 3.2 கெல்வின் என்ற கணக்கு. 1.5 கெல்வினில் குளிர்ந்திருக்கும் தொடுகைக்கு 2 மில்லிவோல்ட் கொடுத்தால் நடுப்பகுதி 6.5 கெல்வினைத் தாண்டிவிடும். 6 கெல்வினில் மீக்கடத்தலை இழக்கும் பொருள் அங்கே சாதாரண உலோகமாகிவிடும். மின்தடை திடீரென்று ஏறும். அதுவே வகைக்கெழுவில் பள்ளமாகத் தெரியும். வெப்பத்துக்கு முன்பே, மீக்கடத்தல் தாங்கக்கூடிய உச்ச அளவான மாறுநிலை மின்னோட்டம் எட்டப்பட்டாலும் விளைவு அதுவே.

இந்தப் பள்ளத்தின் இடத்தை ஆற்றல் இடைவெளி என்று எழுதிவிடாதீர்கள். ஒரே வரைபடத்தை மின்னழுத்தத்துக்கு மாற்றாக மின்னோட்டத்தை அச்சாக வைத்து வரைந்து பாருங்கள். ஊசியைச் சற்றுத் தளர்த்தி, மின்தடையை ஐந்து மடங்கு, பத்து மடங்கு உயர்த்துங்கள். பள்ளங்கள் கரைந்து, நடுவில் இரு மேடுகள் எஞ்சினால், நீங்கள் எலக்ட்ரான்கள் மோதாமலே தொடுகையைக் கடக்கும் பாலிஸ்டிக் நிலைக்கு வந்துவிட்டீர்கள். இடைவெளியை அளக்க வேண்டிய இடம் அதுதான்.

ஆயினும் வெப்ப நிலைத் தரவை எறிந்துவிட வேண்டாம். மின்தடையின் வீழ்ச்சியும், அது எந்த வெப்பநிலையில் தொடங்குகிறது என்பதும், காந்தப்புலத்தில் அது எப்படிப் பின்வாங்குகிறது என்பதும் அந்த நிலையில்தான் தெளிவாகத் தெரியும். மீக்கடத்தல் தொடங்கும் பெயர்வு வெப்பநிலையை அறிய "வெப்ப நிலை", ஆற்றல் இடைவெளிக்குப் பாலிஸ்டிக் நிலை என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பள்ளங்கள் இல்லை, சுழியத்தில் உச்சம் மட்டும் இருக்கிறது

ஆசை காட்டும் அறிகுறி இது. எலக்ட்ரான்கள் பி-அலை போன்ற மரபுசாரா முறையில் இணைந்தால் பரப்பின் மீது சுழிய ஆற்றலில் கட்டுண்ட நிலைகள் தோன்றலாம்; அவை சுழியத்தில் உச்சமாகவே தெரியும். ஆனால் அங்கே போகும் வழியில் இன்னும் சில சாவடிகள் இருக்கின்றன.

உச்சத்தின் உயரத்தைப் பாருங்கள். பிளாண்டர், டிங்காம், கிளாப்விக் ஆகியோர் 1982-இல் தந்த கணக்கின்படி, சாதாரண மீக்கடத்தியோடு அமைந்த தூய தொடுகையில் ஆன்ட்ரீவ் எதிரொளிப்பு (எலக்ட்ரான்கள் இணையாக மீக்கடத்திக்குள் நுழைய, துளை ஒன்று திரும்பி வருவது) கடத்தளவை அதிகபட்சம் இரு மடங்காக்கும். இரண்டைத் தாண்டினால், பெரும்பாலும் வெப்ப நிலையின் மிச்சம் உள்ளே கலந்திருக்கிறது.

அடுத்து, உச்சம் எப்படிச் சாகிறது என்று பாருங்கள். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் முடிந்துபோகாமல், மடக்கை வேகத்தில் மெல்லத் தேய்ந்துகொண்டே 15, 20 கெல்வின் வரை வந்தால், அது காந்த மாசுகளால் வரும் கோண்டோ விளைவாக இருக்கலாம். ஒருமுறை 99.99 தூய்மைக் கம்பி தீர்ந்துபோக, தெற்காவணி மூல வீதிப் பக்கம் ஒரு நகைப் பட்டறையில் கால் மில்லிமீட்டர் வெள்ளிக் கம்பி இழுத்து வாங்கினேன். துளைத்தகட்டில் கம்பியை இழுத்தபடியே, "இது எந்த உருப்படிக்கு சார்?" என்று கேட்டார் பெரியவர். ஊசிக்கு என்றேன், காதுகுத்துக்கு என்று எடுத்துக்கொண்டார். அந்தக் கம்பி அழகாக வளைந்தது, அழகாக வெட்டுப்பட்டது. ஆனால் நகை வெள்ளியில் கலக்கும் செம்பில் இரும்பின் சுவடு இருந்துவிட்டால் கோண்டோ உச்சத்துக்கு அதுவே போதும். அதை இன்றும் சுற்றிணைப்புக்குப் பயன்படுத்துகிறோம், ஊசிக்கு அல்ல.

அளப்பதற்காக மின்னழுத்தத்தின் மேல் ஏற்றும் சிறு அலைவின் (பண்பேற்றத்தின்) வீச்சும் கவனத்துக்குரியது. 1.5 கெல்வினில் வெப்ப மங்கல் மட்டுமே ஏறத்தாழ 0.45 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அதற்கு மேல் லாக்-இன் வழியே 300 மைக்ரோவோல்ட் கொடுத்தால் நெருங்கிய இரு மேடுகள் ஒன்றாகக் கலந்து ஒற்றை உச்சமாகிவிடும். 50-க்குக் குறைத்துப் பாருங்கள். உச்சம் இரண்டாகப் பிரிந்தால் கதை அங்கே முடிந்தது.

அறிகுறி: ஆற்றல் இடைவெளி நம்ப முடியாத அளவு பெரிதாக வருகிறது

பெயர்வு வெப்பநிலை 6 கெல்வின் என்றால், வழக்கமான கோட்பாடு தரும் இடைவெளி 0.9 மில்லி எலக்ட்ரான் வோல்ட். மொஹாலிக் குழு அறிவித்ததோ 6.5, அதுவும் 13 கெல்வின் வரை நீடித்தது. ஆகவே பெரிய எண் வந்ததால் மட்டும் தவறு என்று சொல்ல முடியாது. சரி என்றும் சொல்ல முடியாது. மின்னோட்டம் படிகத்துக்குள் விரிந்து பரவும்போது எழும் பரவல் தடை ஊசிமுனைக்குத் தொடரில் சேர்ந்திருந்தால், நீங்கள் அளக்கும் மின்னழுத்தம் முழுவதும் தொடுகையில் விழுவதில்லை. மேடுகள் வெளியே தள்ளப்பட்டு இடைவெளி ஊதிக் காட்டும். மீக்கடத்தல் போன பிறகு எஞ்சும் மின்தடையில் எவ்வளவு படிகத்துடையது என்று தனியே மதிப்பிட்டுக் கழியுங்கள். வெவ்வேறு மின்தடை கொண்ட தொடுகைகளில் இடைவெளி ஒரே மதிப்பாக நின்றால் மட்டுமே அந்த எண்ணுக்கு மரியாதை.

அழுத்தம்தான் காரணம் என்ற விளக்கத்தையும் இங்கேயே எடை போடலாம். காட்மியம் ஆர்சனைடு முழுப் படிகமாகவே, சுமார் 8.5 கிகாபாஸ்கல் அழுத்தத்தில், 1.8 கெல்வின் அருகே மீக்கடத்தியாகிறது என்பது 2016-இல் தெரியவந்தது. வெள்ளி மென்மையானது, அதன் கடினத்தன்மை ஒரு கிகாபாஸ்கலுக்கும் கீழே என்பதால், அந்த அழுத்தத்தைப் படிகத்துக்குக் கொடுப்பதற்கு முன்பே ஊசி தானே நசுங்கிவிடும். டங்ஸ்டன் ஊசியில் இந்த வாதம் செல்லாது. ஆகவே ஊசியின் உலோகத்தைக் குறிப்பேட்டில் எழுத மறக்காதீர்கள்; மென்மையான ஊசியிலும் கடினமான ஊசியிலும் ஒரே விளைவு வருகிறதா என்பது நல்ல சோதனை.

அறிகுறி: காந்தப்புலத்தை ஏற்றினால் மின்தடை சுழியத்துக்கு இறங்குகிறது

மீக்கடத்தல் காந்தப்புலத்தில் பிறப்பது மிக அரிது. இது மின்னோட்டம் ஒதுங்கிப் பாய்வதன் விளைவு. ஊர்திகளின் இயக்கம் மிக எளிதாக உள்ள இவ்வகைப் படிகங்களில், புலத்தின் திசையிலேயே மின்னோட்டம் ஒரு கற்றையாகக் குவிந்து ஓடும். மின்னழுத்தக் கம்பிகள் அக்கற்றைக்கு வெளியே மாட்டிக்கொண்டால் சுழியமோ எதிர்க்குறி மின்தடையோ காட்டும். மின்னோட்டக் கம்பிகளைப் படிகத்தின் முழு முகத்தையும் மூடும்படி ஒட்டுங்கள்.

அறிகுறி: டான்டலம், நியோபியம் கொண்ட படிகங்களில் மிக எளிதாக மீக்கடத்தல் வருகிறது

எளிதாக வருவதுதான் கோளாறு. டான்டலம் தனியே 4.4 கெல்வினிலும் நியோபியம் 9.2 கெல்வினிலும் மீக்கடத்திகள். அயனிக் கற்றையால் செதுக்கும்போது ஆர்சனிக் முதலில் பறந்துபோய், நியோபியம் மிகுந்த தோல் ஒன்று மேலே உருவாகிறது; நியோபியம் ஆர்சனைடில் அத்தோல் ஏறத்தாழ 3.5 கெல்வினில் மீக்கடத்துவது 2017-இல் காட்டப்பட்டது. அந்தக் குழுவினர் அதையே ஒரு செய்முறையாக்கினார்கள். அதை அறியாமல் செய்தால் அதே தோல் நமக்குப் பொறியாகிவிடும். காட்மியம் ஆர்சனைடில் இந்தத் தொல்லை குறைவு: படிகத்துக்குள் காட்மியம் தனியே தேங்கியிருந்தாலும் அதன் பெயர்வு வெப்பநிலை சுமார் 0.5 கெல்வின் என்பதால், 1.5 கெல்வினில் நிற்கும் நமக்கு அது கண்ணில் படாது.

அறிகுறி: நேற்று இருந்தது, இன்று இல்லை

மின்சாரம் நிற்பதற்கும் ஓமில் அளக்கும் தடைக்கும் தமிழில் "மின்தடை" என்ற ஒரே சொல் வாய்த்தது எங்கள் குறிப்பேட்டில் பெரிய குழப்பம்: "காலை 9 மணிக்கு மின்தடை" என்று எழுதியிருந்ததை, ஒரு மாணவர் ஓம் மதிப்பை எழுத விட்டுவிட்டதாக நினைத்துத் தேடிக்கொண்டிருந்தார். அது மாதாந்திரப் பராமரிப்புக்காக மாலை 5 மணி வரை மின்சாரம் நின்ற நாள். குளிர்விப்பான் நின்றால் ஒவ்வொரு உலோகமும் தன் போக்கில் விரியும். ஊசி சில மைக்ரோமீட்டர் நகர்ந்துவிடும். மீண்டும் குளிர்ந்தபோது கிடைப்பது வேறு தொடுகை. அறிவிப்பு நாளிதழில் வரும். அதைப் பார்த்துவிட்டே நீண்ட அளவீட்டைத் தொடங்குங்கள்.

மின்சாரம் நிற்காமலேயே விளைவு மறைந்திருந்தால், ஊசியைத் தூக்கி முனையை உருப்பெருக்கியில் பாருங்கள். முனை தட்டையாகி, அதில் படிகத்தின் சாம்பல் நிறத் துணுக்கு ஒட்டியிருந்தால், நீங்கள் நெடுநேரமாகப் படிகத்தைப் படிகத்தாலேயே தொட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். முனையை வெட்டி எறியுங்கள், காட்மியக் கழிவுக்கென்று வைத்த டப்பாவில். புதிய முனையோடு, முந்தைய தொடுகையிலிருந்து குறைந்தது அரை மில்லிமீட்டர் தள்ளி, ஈயத் தகட்டுச் சோதனையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.